‘இப்போது வேண்டாம்’ என்பதன் கணக்கு

அமெரிக்க நிறுவனங்களின் வருமான வரிப் படிவங்களைச் சென்னையில் இருந்தபடியே தயாரித்துத் தரும் வேலையில் நான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். 2021 மார்ச், ஏப்ரல் மாதங்களில், இங்கே கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தபோது, எங்கள் கையில் இருந்தவை 2020 ஆம் ஆண்டின் கணக்குகள். சில கோப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் நட்டம் மட்டுமே இருந்தது. வேறு சிலவற்றிலோ, ஊரே பூட்டிக் கிடந்த ஓர் ஆண்டில் இவ்வளவு லாபம் எங்கிருந்து வந்தது என்று மறுபடியும் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. மார்ச் 31 அன்று ஜோ பைடன் பிட்ஸ்பர்க் நகரில் பேசிய உரையை நான் கேட்டது இந்த இரு வகைக் கோப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்துதான்.

சாலைகள், பாலங்கள், ஈயக் குடிநீர்க் குழாய்களை மாற்றுதல், அகலக்கற்றை இணையம் என எட்டு ஆண்டுகளில் இரண்டு லட்சம் கோடி டாலருக்கும் மேல் செலவிடுவது, அதற்கான பணத்தைப் பதினைந்து ஆண்டுகளில் நிறுவனங்களிடமிருந்து திரட்டுவது என்பதே அவருடைய திட்டம். 2017 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் கார்ப்பரேட் வரியை 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதத்துக்கு இறக்கியிருந்தது. பைடன் கேட்டது 28 சதவீதம். அதாவது, குறைத்ததில் பாதியைத் திரும்பக் கேட்டார்.

எதிர்ப்பு உடனே வந்தது. அமெரிக்க வர்த்தக சபை, பெருநிறுவனத் தலைவர்களின் அமைப்பான பிசினஸ் ரவுண்ட்டேபிள், தேசிய உற்பத்தியாளர் சங்கம் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே வாதத்தை வைத்தன: பொருளாதாரம் இப்போதுதான் தலைதூக்குகிறது, இந்த நேரத்தில் வரியை ஏற்றினால் மீட்சி முறிந்துவிடும். உற்பத்தியாளர் சங்கம் வெளியிட்ட ஆய்வு, முதல் இரண்டு ஆண்டுகளிலேயே 10 லட்சம் வேலைகள் போகும் என்றது. ரவுண்ட்டேபிள் தன் உறுப்பினர்களிடம் நடத்திய கருத்துக் கணிப்பில், வரி உயர்வு தங்கள் போட்டித்திறனைப் பாதிக்கும் என்று 98 சதவீதத்தினர் சொன்னார்கள். (வரி கட்ட வேண்டியவரிடம் வரி பிடிக்குமா என்று கேட்டால் மீதி 2 சதவீதத்தினர் என்ன நினைத்தார்கள் என்பதே எனக்கு வியப்பு.) நிறுவனம் என்பது பங்குதாரருக்காக மட்டும் இயங்குவதல்ல, ஊழியர், வாடிக்கையாளர், சமூகம் ஆகிய எல்லாருக்காகவும் இயங்குவது என்று 2019 ஆகஸ்டில் 181 தலைவர்கள் கையெழுத்திட்டு அறிவித்ததும் இதே அமைப்பின் பெயரில்தான். விதிவிலக்காக, அமேசானின் ஜெஃப் பெசோஸ் வரி விகித உயர்வை ஆதரிப்பதாக ஏப்ரல் முதல் வாரத்தில் அறிக்கை விட்டார்.

மீட்சிக் காலத்தில் வரியை ஏற்றக் கூடாது என்னும் வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. விற்பனை மீதோ சம்பளத்தின் மீதோ விழும் வரி என்றால் அந்த வாதம் எடுபடும். ஏனென்றால் தள்ளாடுகிற கடையும் அந்த வரியைக் கட்டியாக வேண்டும். ஆனால் கார்ப்பரேட் வரி லாபத்தின் மீது மட்டுமே விழுவது. கொரோனாவில் அடிபட்ட உணவகமோ விமான நிறுவனமோ நட்டத்தில் இருக்கும்வரை விகிதம் 21 ஆக இருந்தாலும் 28 ஆக இருந்தாலும் கட்டும் தொகை பூச்சியம்தான். அதோடு, பின்னால் லாபம் வரும்போது கழித்துக்கொள்ள அது சேர்த்துவைத்திருக்கும் பழைய நட்டத்தின் மதிப்பு, விகிதம் உயர்ந்தால் கூடவே செய்யும். 2020 மார்ச் நிவாரணச் சட்டம் இன்னும் ஒரு படி போய், 2018 முதல் 2020 வரையிலான நட்டங்களை ஐந்து ஆண்டுகள் பின்னோக்கிக் கொண்டுசென்று, அன்று கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் வழி செய்திருந்தது. அந்தப் பழைய ஆண்டுகளில் விகிதம் 35 என்பதால், ஒரு டாலர் நட்டத்துக்கு 35 சென்ட் வரை திரும்பி வந்தது. அப்படிப்பட்ட விண்ணப்பங்களை நானே தயாரித்திருக்கிறேன். எதிர்ப்பாளர்கள் அடிக்கடி முன்னிறுத்திய சிறு தொழில்களில் பெரும்பாலானவை, லாபத்தை உரிமையாளரின் தனிநபர் கணக்கில் காட்டி வரி கட்டுபவை. கார்ப்பரேட் வரி விகிதம் அவற்றைத் தொடுவதே இல்லை.

முதலீடு குறையும் என்ற வாதத்தைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அன்றைய சட்டப்படி ஒரு நிறுவனம் 100 டாலருக்கு இயந்திரம் வாங்கினால், அந்த 100 டாலர் முழுவதையும் அதே ஆண்டின் லாபத்திலிருந்து தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். விகிதம் 21 என்றால் வரியில் 21 டாலர் மிச்சம். அரசு அந்த இயந்திரத்தின் விலையில் 21 பங்கை ஏற்றுக்கொண்டு, பின்னால் அது ஈட்டும் லாபத்திலும் 21 பங்கை எடுத்துக்கொள்கிறது என்று பொருள். விகிதம் 28 ஆனால், விலையிலும் 28 பங்கு, லாபத்திலும் 28 பங்கு. நிறுவனம் தன் கையிலிருந்து போட்ட பணத்துக்குக் கிடைக்கும் வருவாய் வீதம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே, புதிதாக வாங்கும் இயந்திரத்தைப் பொறுத்தவரை விகிதம் பெரிய தடையல்ல. அது கடிப்பது ஏற்கெனவே போட்டுவிட்ட முதலீட்டின் லாபத்தையும், மென்பொருள், மருந்துக் காப்புரிமை, சந்தை ஆதிக்கம் போன்றவற்றிலிருந்து வரும் மிகை லாபத்தையும்தான். கட்டடங்களுக்கு அன்று இந்தச் சலுகை கிடையாது என்பதையும், லாபத்தை அயர்லாந்து போன்ற நாடுகளின் கணக்கில் காட்டும் ஆசை விகிதத்தோடு சேர்ந்து ஏறும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இதே கணக்கில் உண்மையான ஒரு காலப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. விகிதம் பின்னால் உயரப் போகிறது என்று தெரிந்தால், இன்று இயந்திரம் வாங்குபவர் 21 என்ற விகிதத்தில் கழித்துவிட்டு, நாளை 28 என்ற விகிதத்தில் லாபத்துக்கு வரி கட்ட நேரும். அதனால் வாங்குவதையே அவர் தள்ளிப்போடுவார். மீட்சிக் காலத்தில் அது நிச்சயம் கெடுதல். பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக், 2021 மார்ச் 3 அன்று தம் பட்ஜெட்டில் இதற்கு விடை வைத்திருந்தார். வரியை 19 இலிருந்து 25 சதவீதமாக உயர்த்துவதாக அறிவித்து, அதை 2023 ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் வாங்கும் இயந்திரங்களுக்கு விலையில் 130 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்றார். 19 ஐ 1.3 ஆல் பெருக்கினால் 24.7 வரும், ஏறக்குறைய 25. காத்திருந்து வாங்குவதால் கிடைக்கக்கூடிய ஆதாயத்தை அந்த ஒரு பெருக்கல் துடைத்துவிட்டது. தொழில் தெரிந்த எவரோ உட்கார்ந்து போட்ட கணக்கு அது என்று படித்த அன்றே எனக்குத் தோன்றியது. அமெரிக்க அமைப்புகளின் கவலை காலம் பற்றியது மட்டுமே என்றால், இப்படி ஓர் ஏற்பாட்டைக் கேட்டிருக்கலாம். அவை கேட்டது 21 ஐத் தொடாதீர்கள் என்பதைத்தான்.

இந்த வாதத்துக்கு வயது அதிகம். பெருமந்தத்திலிருந்து நாடு மீண்டுகொண்டிருந்த 1936 இல், நிறுவனங்கள் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் லாபத்தின் மீது 7 முதல் 27 சதவீதம் வரை ரூஸ்வெல்ட் அரசு வரி போட்டது. 1937 இல் பொருளாதாரம் மறுபடியும் சரிந்தது. தொழில் உற்பத்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. இந்த வரிதான் காரணம் என்று தொழிலதிபர்கள் உரக்கச் சொன்னார்கள். 1938 இல் நாடாளுமன்றம் அதைப் பெயரளவுக்குச் சுருக்கியது, அந்தச் சட்டம் ரூஸ்வெல்ட்டின் கையெழுத்து இல்லாமலே அமலுக்கு வந்தது, அடுத்த ஆண்டு வரியே ஒழிந்தது. அந்தச் சரிவுக்குப் பொருளாதார வரலாற்றாளர்கள் பெரும்பாலும் சுட்டுவது வேறு காரணங்களை: வங்கிகள் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய கையிருப்பை மத்திய வங்கி இரட்டிப்பாக்கியது, அரசு செலவைச் சுருக்கியது, 1937 இல் சமூகப் பாதுகாப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியது. கையில் மிச்சம் வைத்துத் தாங்கும் சிறு நிறுவனங்களை அந்த வரி உறுத்தியது உண்மைதான். ஆனாலும் சரிவின் பழி முழுவதையும் அதன் தலையில் கட்டியவர்கள் அரசியலில் வென்றார்கள்.

1993 இல் கிளிண்டன் விகிதத்தை 34 இலிருந்து 35 ஆக்கியபோதும் இதே எச்சரிக்கைகள் எழுந்தன. குடியரசுக் கட்சியில் ஒருவரும் வாக்களிக்கவில்லை, பிரதிநிதிகள் அவையில் 218க்கு 216 என்று நூலிழையில் நிறைவேறியது. பொருளாதாரம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வளர்ந்தது. வரியால் வளர்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு சதவீதப் புள்ளியால் மலை புரளாது, அவ்வளவே.

2021 க்குத் திரும்புவோம். மார்ச்சில் 6 சதவீதமாக இருந்த வேலையின்மை டிசம்பரில் 4 க்கும் கீழே இறங்கியது. அந்த நிதியாண்டில் கார்ப்பரேட் வரி வசூல் 21,200 கோடி டாலரிலிருந்து 37,200 கோடி டாலராகத் தாவியது. விகிதம் மாறவில்லை, லாபம் அவ்வளவு. பலவீனமான மீட்சி என்பது காரணமாக இருந்தால் அப்போது எதிர்ப்பு தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. பைடனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஜோ மான்சின் 25 போதும் என்றார்; செப்டம்பரில் பிரதிநிதிகள் அவைக் குழு 26.5 என்றது, அதையும் 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் என்றது. அதே கட்சியின் இன்னொரு செனட்டர் கிர்ஸ்டன் சினிமா எந்த உயர்வுக்கும் உடன்படாததால் விகிதம் பேச்சிலிருந்தே மறைந்தது. நவம்பரில் சாலைகளுக்கும் பாலங்களுக்குமான சட்டம் தனியாக நிறைவேறியது. அதை வர்த்தக சபை மனமார ஆதரித்தது; அதில் கார்ப்பரேட் வரி உயர்வு கிடையாது. 2022 இல் பணவீக்கம் ஏறி, தேவையைத் தணிக்க வரி உயர்வே உதவக்கூடும் என்ற நிலை வந்தபோது, இப்போது மந்தம் வரப்போகிறது, ஆகவே வேண்டாம் என்றார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த சட்டத்தில் எஞ்சியவை இரண்டு: சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கும் நிறுவனங்களுக்கு 1 சதவீத வரி, பங்குதாரருக்குக் காட்டும் கணக்கில் 100 கோடி டாலருக்கு மேல் லாபம் உள்ளவற்றுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரி. இந்தக் குறைந்தபட்ச வரி இயந்திரத் தேய்மானச் சலுகையைப் பறித்துவிடும் என்று உற்பத்தியாளர்கள் முறையிட, கடைசி நேரத்தில் அதற்கு விலக்கு கிடைத்தது. மேலே சொன்ன 100 டாலர் கணக்கின்படி அந்த முறையீடு நியாயமானதே. குறிப்பான அந்த வாதமும் வென்றது, பொத்தாம்பொதுவான வாதமும் வென்றது. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட என்னால் முடியவில்லை.

2017 ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர்களுக்கான வரிக் குறைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 2025 இறுதி வரை என்று கெடு வைத்தது. 21 சதவீதத்துக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. எனவே அதைக் காக்க யாரும் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை, ஒவ்வொரு முறையும் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்வதே போதும். என் மேசையில் ஒரே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பழைய மாற்றுக் குறைந்தபட்ச வரிக்கான 4626 ஆம் எண் படிவம், 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஓய்வுபெற்றிருந்தது. 2023 ஆம் ஆண்டுக் கணக்குக்கு அதே எண்ணில், புதிய உள்ளடக்கத்தோடு திரும்பி வந்தது. நாங்கள் பார்க்கும் நிறுவனங்களில் அநேகமாக எதுவும் அந்த 100 கோடியை எட்டுவதில்லை என்பதால், எட்டவில்லை என்று குறிப்பு எழுதிக் கோப்பில் சேர்ப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது.