ஹெரால்டு டேஷ்போர்டு: சேலம் பட்டறைக் குறிப்புகள்

ஜூலை 4

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியில் சேர்ந்திருப்பது). அரை டேங்க் பெட்ரோலுக்கே முள் ஃபுல் காட்டுகிறது. டெம்பரேச்சர் முள்ளோ ஏற்காடு அடிவாரம் தாண்டுவதற்குள் சிவப்பைத் தொடுகிறது. இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் மீட்டரைக் கழற்றவே வேண்டாம். இரண்டுக்கும் பொதுவாகக் கரண்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சாவி போட்டதும் முள் அரை நிமிடம் எடுத்து நிதானமாக ஏறுகிறது. அப்படியென்றால் பைமெட்டல் மீட்டர் (சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை முள்ளை நகர்த்துவது), சராசரி 10 வோல்ட்டில் ஓடுவது. சட்டென்று துள்ளும் முள் காந்த வகை, அதற்கு ஸ்டெபிலைசர் கிடையாது.

ஸ்டெபிலைசரில் ‘பி’ உள்ளே வரும் லைன், ‘ஐ’ மீட்டருக்குப் போவது. ‘ஐ’யில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் விட்டுவிட்டு எரிய வேண்டும். இதில் அணையாமல் எரிகிறது. டப்பாவுக்கு எர்த் இல்லாவிட்டால் உள்ளே ஹீட்டர் கம்பி சூடாகாது, கரண்டை விட்டுவிட்டு அனுப்பும் பாயிண்ட் பிரியாது, பேட்டரி வோல்ட் முழுதும் மீட்டருக்குப் போய்விடும். ஸ்க்ரூ அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பாடிக்குத் தனி எர்த் வயர் போட்டாயிற்று. பாதி வண்டிகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

ஜூலை 5

எர்த் சரி, லேம்ப் இன்னும் அணையவில்லை. பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய டப்பாவுக்குள்ளேயே 10 வோல்ட் தரும் 7810 ரெகுலேட்டர் வைத்தோம்: உள்வரும் பக்கம் 0.33, வெளியேறும் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். அதன் உலோக முதுகு எர்த் என்பதால் டப்பாவிலேயே போல்ட் போடலாம். கடையில் 5 வோல்ட் தரும் 7805 கொடுத்துவிடப் போகிறார்கள், மேலே எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இது ஆகாது.

இன்ஜின் ஓடும்போதே அளக்கவும். உள்ளே 12 வோல்ட்டாவது வந்தால்தான் வெளியே 10 நிற்கும். சோர்ந்த பேட்டரியில் சற்றுக் குறையும்.

ஜூலை 7

இப்போது எதிர்க் கோளாறு: டேங்கை நிரப்பினாலும் முக்கால்தான். இதுவரை ஒரு தப்பு இன்னொன்றை மறைத்திருக்கிறது.

டேங்க் யூனிட் (ஃப்ளோட் மிதவை வைத்து பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்வது) வயரைக் கழற்றினால் முள் காலிக்கு வர வேண்டும், பாடியில் தொட்டால் ஃபுல்லுக்கு ஏற வேண்டும். ஏறியதும் எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டே இருந்தால் மீட்டரின் சுருள் கருகும். அதைவிட நல்லது, அரை வாட் ரெசிஸ்டர் வழியாக எர்த் செய்வது: 22 ஓம் ஃபுல் பக்கம், 68 ஓம் பாதி பக்கம், 240 ஓம் காலி பக்கம். மூன்றும் ஒத்துவந்தன. ஆக மீட்டர் நல்ல மீட்டர்.

அடுத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, யூனிட் உடம்பிலிருந்து பேட்டரியின் எர்த் கேபிள் முனைவரை ஓம் பார்த்தோம். ஒன்றுக்குள் இருக்க வேண்டியது 19! ஹெரால்டின் பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டுச் சேர்த்தது. மூட்டுக்கு மூட்டு துரு. டேங்கிலிருந்து சேசிஸுக்கு நேராக ஒரு வயர் இழுத்ததும் முள் ஃபுல்லுக்கு வந்துவிட்டது. யூனிட்டைக் கழற்றத் தேவைப்படவில்லை. கழற்றுவதானால் டிக்கி திறந்திருக்கட்டும், பக்கத்தில் டெஸ்ட் லேம்ப் வேண்டாம். ஃப்ளோட்டை மெதுவாக நகர்த்தும்போது ஓம் நடுவில் அறுந்து குதித்தால் கம்பி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஜூலை 10

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு வரை ஓட்டம். 20 கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் இரண்டாவது கியர். முள் முக்கால்வரை போனது. இது மீட்டர் கோளாறல்ல, தண்ணீர் நிஜமாகவே சூடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் இல்லாத தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரில் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் பிரஷர் கேப்பின் ரப்பர் தளர்ந்திருந்தால் முள் சிவப்புக்குப் போகும் முன்பே கொதி வந்துவிடும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் லேசர் தெர்மாமீட்டர் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டெம்பரேச்சர் சென்சார் திருகில் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் இங்கே நிறைய. அதற்கு எர்த்தே அந்தத் திருகு வழியாகத்தான். டேப் தடுத்தால் முள் குளிர்ச்சி காட்டும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். அதிகம் காட்டும் முள்ளைவிட இதுதான் ஆபத்து.

பெட்ரோல் அளவை மேட்டில் பார்க்காதீர்கள், சமதளத்தில் நிறுத்தி ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள்.

ஜூலை 11

மிச்சம் ஸ்பீடோமீட்டர். 30-ல் முள் ஆடுகிறது. உள்கேபிளை உருவி, மேசைமேல் உருட்டினால் ஓரிடத்தில் தூக்கி அடிக்கிறது. கேபிள் வளைந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். புதியதில் கிரீஸ் கீழ்ப்பாகத்துக்கு மட்டும். மேல் 15 செ.மீ. காய்ந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் கிரீஸ் சுற்றிச் சுற்றி மீட்டருக்குள் ஏறிவிடும்.