நாகலாபுரத்தில் விளக்கை அணைக்கும் நேரம்

சாயங்காலம் ஆறு மணி என்றால் எல்லாக் கோயிலிலும் விளக்கு வைக்கிற நேரம். நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலில் மட்டும் மார்ச் கடைசி வாரத்தில், சூரிய பூஜை நடக்கும் நாட்களில், அந்த நேரம் பார்த்து மின்விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். மேற்கு பார்த்த சந்நிதி அது. மறையப் போகிற சூரியன் ராஜகோபுர வாசல் வழியாக உள்ளே வந்து பெருமாள்மேல் விழ வேண்டும். அதற்கு உள்ளே இருட்டு வேண்டும்.

சத்தியவேட்டில் இருக்கும் பெரியம்மாவுக்கு இது வெகுநாள் ஆசை. தை மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்னதுமே, "சூரிய பூஜைக்குக் கூட்டிட்டுப் போ, அப்படியே காளஹஸ்தியும் பாத்துட்டு வந்துடலாம்" என்று ஆரம்பித்துவிட்டார். சரி என்று கிளம்பினோம்.

ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரா. கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடும். பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. 1960ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. வீடும் உறவும் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கின்றன. நாகலாபுரத்தில் கோயில் வாசல் பூக்காரம்மா என்னிடம் தெலுங்கில் விலை சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் தமிழில் சில்லறை கேட்டார்.

வழியில் சுருட்டப்பள்ளியில் இறங்கினோம். ஆலகால விஷத்தை உண்ட களைப்பில் அம்பாள் மடியில் தலை வைத்துச் சிவபெருமான் படுத்திருக்கும் கோயில். பிரதோஷம் இல்லாத நாள் என்பதால் நிம்மதியாகப் பார்க்க முடிந்தது. பிரதோஷத்தன்று போனால் பள்ளிகொண்டீஸ்வரரைவிட முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும்.

நாகலாபுரம் கோயிலைக் கட்டியவர் கிருஷ்ணதேவராயர். தாயார் நாகலாதேவியின் பெயரையே ஊருக்கும் வைத்தார். மூலவருக்கு மச்சாவதாரக் கோலம்: இடுப்புக்குக் கீழே மீன், மேலே சங்கு சக்கரத்தோடு பெருமாள், இரு பக்கமும் ஸ்ரீதேவி பூதேவி. சோமுகாசுரன் வேதங்களைத் திருடிக் கடலுக்கடியில் ஒளித்து வைக்க, பெருமாள் மீனாகப் போய்ச் சண்டையிட்டு மீட்டு வந்தார் என்பது தலபுராணம். அவ்வளவு காலம் தண்ணீருக்குள் இருந்ததால் திருமேனி குளிர்ந்து போயிற்றாம். அந்தக் குளிர் போகத்தான் சூரியன் வருஷா வருஷம் வந்து இதம் தருகிறான் என்கிறார்கள். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. சூரியன் கும்பிட வருகிறான் என்று பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். நனைந்து வந்த பிள்ளைக்குத் தலை துவட்டுவதுபோல வருகிறான் என்று சொல்வது இங்கேதான்.

முதல் நாள் திருவடி, இரண்டாம் நாள் நாபி, மூன்றாம் நாள் நெற்றி என்று வெளிச்சம் ஏறுவதாகக் கணக்கு. மீன் உருவத்துக்குத் திருவடி ஏது என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. கோபுர வாசலிலிருந்து கருவறை வரை 630 அடி என்று கோயிலில் சொல்கிறார்கள். இந்த அளவைக் கேட்டதும் ஏன் சில நாட்களுக்கு மட்டும் இது நடக்கிறது என்பது புரிந்துவிடும். சூரியன் மறையும் இடம் தினமும் ஒரே இடமில்லை. சம இரவு நாளான மார்ச் 20, 21ஐ ஒட்டி அது வேகமாக வடக்கே நகரும், நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.4 பாகை. கேட்பதற்கு ஒன்றுமில்லை போல இருக்கும். ஆனால் 630 அடி தள்ளிப் பார்த்தால் 4 அடிக்கு மேல் விலகிவிடும். ஒரு கருவறை வாசலின் அகலமே அவ்வளவுதான். அதற்கப்புறம் வெளிச்சம் தெற்குச் சுவரோடு நின்றுவிடும். கட்டிய சிற்பி ஒவ்வொரு வாசலையும் ஒரே நேர்கோட்டில், ஒரு குறிப்பிட்ட மாலைப்பொழுதை மனதில் வைத்து நிறுத்தியிருக்க வேண்டும். கயிறும் முளைக்குச்சியும் தவிர அவர் கையில் பெரிதாக என்ன கருவி இருந்திருக்கும்?

நாலரை மணிக்கே உள்ளே போய்விட்டோம். நடுவில் பாதை விட்டு இரண்டு ஓரமும் ஜனங்களை நிறுத்துகிறார்கள். நிற்கிறார்களா என்பது வேறு விஷயம். ஐந்தரைக்கு மேல் கோபுர வாசல் பக்கம் திரும்பிப் பார்க்க முடியாதபடி கண் கூசியது. விளக்குகளை அணைத்தார்கள். மண்டபம் சட்டென்று இருண்டு, தரையில் மட்டும் நீளமாக ஒரு வெளிச்சப் பட்டை. அது உள்ளே நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தக் கல் வெளிச்சத்துக்குள் வந்திருக்கும். சூரியன் கீழே இறங்க இறங்க இங்கே வெளிச்சம் படியேறிப் போகிறது. ஆறு மணி சுமாருக்கு அது கருவறைப் படியைத் தொட்டபோது, யாரோ ஒருவர் செல்போனைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு நடுவில் வந்துவிட்டார். அவருடைய தலை நிழல் நேராகப் போய்ப் பெருமாள்மேல் உட்கார்ந்தது. "ஏய், பக்ககு ரா!" என்று நாலு குரல். "நகருய்யா!" என்று தமிழில் பத்துக் குரல்.

சூரியனிலிருந்து பூமிக்குச் சுமார் 15 கோடி கிலோமீட்டர். வெளிச்சம் அதைக் கடக்க 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. அவ்வளவு தூரம் தடையில்லாமல் வந்தது, கடைசி 630 அடியில் ஒருவர் தலையில் மாட்டிக்கொள்கிறது.

அவர் நகர்ந்தார். கருங்கல் திருமேனி பொன்னிறமானது. எண்ணெய்க் காப்பின் மினுமினுப்பு, மாலையில் ஒவ்வொரு துளசி இலை, பீதாம்பரத்தின் மடிப்பு என்று எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. "கோவிந்தா, கோவிந்தா" என்று ஒரே முழக்கம். பெரியம்மா முழங்கவில்லை. ஒரு கையால் இடது கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் வலது கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடி மாற்றினார்.

"என்ன பெரிம்மா, கண்ணு வலிக்குதா?"

"இல்லடி. பழைய கண்ணுல பழுப்பா இருக்காரு. புதுக் கண்ணுல தங்கமா இருக்காரு. இத்தனை வருஷமா எல்லாத்தையும் பழுப்பாத்தான் பாத்திருக்கேன் போல."

கால் மணி நேரம் இருக்குமா? வெளிச்சம் சிவந்து, மங்கி, விலகியது. விளக்குகளைப் போட்டார்கள், சாதாரணக் கோயிலாகிவிட்டது.

தெப்பத்துக்குப் போகும் கூட்டத்தில் நடந்துகொண்டே பெரியம்மா, "வையம் தகளியா, வார்கடலே நெய்யாக, வெய்ய கதிரோன் விளக்காக" என்று முணுமுணுத்தார். பொய்கையாழ்வார். திருக்கோவலூர் இடைகழியில், மழை இருட்டில், மூன்று ஆழ்வார்கள் நெருக்கியடித்து நின்ற கதை தெரிந்திருக்கும். பொய்கையார் உலகத்தையே அகலாக்கிச் சூரியனை விளக்காக ஏற்றினார். பூதத்தார் அன்பை அகலாக்கிச் சிந்தையைத் திரியாக்கினார். பேயார் விளக்கே ஏற்றவில்லை, "திருக்கண்டேன்" என்று பார்த்ததைச் சொன்னார். இதில் பூதத்தாரின் உள்விளக்கைத்தான் உயர்த்திப் பேசுவது வழக்கம், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாகலாபுரத்தில் நின்று பார்த்த பிறகு பொய்கையார் பக்கம் சாய்ந்துவிட்டேன். கதிரோன் விளக்காக என்பது அங்கே உவமையே இல்லை, பஞ்சாங்கத்தில் நாள் குறித்து நடக்கிற காரியம்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் அம்மன் தலைக்குப் பின்னால் சுழலும் எல்இடி வட்டம் மாட்டியிருக்கிறார்கள். பச்சை, ஊதா, சிவப்பு என்று மாறி மாறி எரியும். தீபாராதனை காட்டினால் கற்பூரச் சுடர் தெரியவே தெரியாது. கருவறையை இருட்டாகக் கட்டியவர்களுக்கு ஜன்னல் வைக்கத் தெரியாமலா இருந்தது? உபயதாரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கருவறைக்கு நல்லெண்ணெய் விளக்கே போதும்.

மறுநாள் காலை பிச்சாட்டூர், கே.வி.பி.புரம் வழியாகக் காளஹஸ்தி. இங்கும் கிருஷ்ணதேவராயர்தான் வரவேற்கிறார். 1516ல் அவர் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே இடத்தில் புதிதாகக் கட்டியது. பெரியம்மா பழைய கோபுரத்தைப் பார்த்தவர். "உயரம் அதேதான். ஆனா அது வேற," என்றார். மேலே விளக்கம் எதுவும் இல்லை.

பஞ்சபூதத் தலங்களில் இது வாயு. காற்று வர வழியில்லாத கருவறையில் தீபம் ஆடிக்கொண்டே இருக்கிறது. காற்றை யாராலும் பார்க்க முடியாது. சுடர் ஆடுவதால் இருக்கிறது என்று தெரிகிறது. லிங்கத்தை அர்ச்சகர்கள்கூடக் கையால் தொடுவதில்லை. எங்களோடு வரிசையில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன், சூடான காற்று மேலே போகும்போது பக்கத்துக் காற்று உள்ளே இழுபடும், அதனால் ஆடும் என்று தன் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மா சொன்னார்: "அதையேதான்டா வாயுன்னு சொல்றாங்க." பையன் அப்புறம் பேசவில்லை.

இந்தப் பயணத்தில் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான். வெளிச்சத்தைப் பற்றி நாம் சொல்கிற கதைகளில் பாதிக்கு மேல் மறைப்பைப் பற்றிய கதைகள். வேதத்தை அசுரன் மறைக்கிறான், கண்ணைப் புரை மறைக்கிறது, சூரியனை ஒருவர் தலை மறைக்கிறது. காளஹஸ்தியில் மறைப்புக்கே பூஜை நடக்கிறது. ராகுவும் கேதுவும் நிழல் கிரகங்கள், வானத்தில் அவற்றுக்கு உருவம் கிடையாது. சூரியனின் பாதையும் சந்திரனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் புள்ளிகளின் அருகே இருவரும் வந்தால்தான் கிரகணம். கிரகண நேரத்தில் திருப்பதி உட்படப் பெரும்பாலான கோயில்கள் நடை சாத்தும்போது காளஹஸ்தி திறந்திருக்கும். சைவத்தில் சிவனுக்கு ஐந்தொழில், அதில் நான்காவது மறைத்தல், அதற்கு அடுத்ததுதான் அருளல். மறைப்பும் அவன் வேலைதான் என்று ஒத்துக்கொண்ட ஊர் இது, அதனால் கதவைச் சாத்த வேண்டியதில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். சாஸ்திரம் படித்தவர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும்.

கண்ணப்பர் மலைக்குப் படியேற வேண்டாம் என்று நான் சொன்னதைப் பெரியம்மா காதில் வாங்கவில்லை. நின்று நின்று ஏறினார். மேலே பொன்முகலி ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கதையை அவரே சொல்ல ஆரம்பித்தார். வாயில் தண்ணீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்த திண்ணன், ஆறாம் நாள் லிங்கத்தின் வலக்கண்ணில் ரத்தம், அம்பால் தன் கண்ணைத் தோண்டி அப்பியது, அப்புறம் இடக்கண்ணிலும் ரத்தம். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். பெரியம்மா நிறுத்தியது அடுத்த இடத்தில்.

"இன்னொரு கண்ணையும் எடுத்துட்டா எங்க அப்பறதுன்னு தெரியாது இல்ல? அதான் முன்னாடியே செருப்புக் காலைத் தூக்கி சாமி கண்ணு மேல வெச்சு அடையாளம் பண்ணிக்கிட்டான். எல்லாரும் பக்தி பக்தின்னுதான் சொல்றாங்க. எவ்வளவு புத்தி பாரு அவனுக்கு!"

புரை எடுக்கும்போது மயக்க ஊசி போட்டும் தான் பயந்து நடுங்கியதை அதோடு சேர்த்துச் சொல்லிச் சிரித்தார். இடது கண்ணுக்கு ஆனி மாதத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: சூரிய பூஜைத் தேதி வருஷத்துக்கு வருஷம் சற்று முன்பின் ஆகும், கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகும் பஸ் நாகலாபுரத்தில் நிற்கும். மேகம் போட்டால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் பூஜை நடக்கும், தெப்பமும் நடக்கும். மறுநாள் காளஹஸ்தி போவதாக இருந்தால் பிச்சாட்டூரில் ஆரணியாறு அணை இருக்கிறது, நேரம் இருந்தால் இறங்கிப் பாருங்கள். அங்கே நல்ல டீ கிடைத்தது.