டோரி அடுக்களையில் ரௌவி: பிப்ரவரிக் குறிப்புகள்

பிப்ரவரி 3, 2024, சனி

இந்த மாதம் ரௌவியை வீட்டிலேயே சுட்டுப் பார்ப்பது என்று இறங்கிவிட்டேன். அபர்டீன் பக்கம் வராதவர்களுக்கு: உள்ளங்கை அகலத்தில், தட்டையாக, கோணல்மாணலாக, எடுத்தால் விரலில் பிசுக்கு ஒட்டுகிற ஒரு காலை ரொட்டி அது. உப்பு தூக்கலாக இருக்கும். நகரத்துக்குள் ரௌவி என்பார்கள், சுற்றுப்புற ஊர்களில் பட்டரி. ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையை விட்டு அவ்வளவாக வெளியே போகாத பண்டம்.

கடையில் கிடைப்பதை ஏன் வீட்டில் செய்ய வேண்டும் என்று கணவர் கேட்டார். வட கடலில் எண்ணெய் மேடையில் வேலை பார்க்கிறவர், இப்போது அங்கேதான் இருக்கிறார், போனிலேயே கேட்டார். எனக்குச் சொல்லப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. நெட்டில் பார்க்கிற ரௌவிப் படங்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன, அடுக்கு அடுக்காகப் பொன்னிறத்தில். பக்கத்துக் கடையில் நான் வாங்குவது அப்படி இருக்காது. இதில் எது சரி என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கியவை: ரொட்டி மாவு, ஈஸ்ட், உப்பு போடாத வெண்ணெய், ஒரு கட்டி லார்ட். லார்ட் என்பது உருக்கி உறையவைத்த பன்றிக் கொழுப்பு. வெள்ளையாக, காகிதம் சுற்றி, வெண்ணெய்க்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். விலை வெண்ணெயைவிட ரொம்பக் குறைவு. தொடாதவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு, அவர்களுக்கான வழியைப் பின்னால் பார்ப்போம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

முதலில் படங்களில் இருக்கிற முறை, அதாவது மடிப்பு முறை.

மாவு 500 கிராம். பாக்கெட்டில் 'ஸ்ட்ராங்' என்று போட்டிருக்கிற வகைதான் வேண்டும், அதில் புரதம் 12, 13 சதவீதம் இருக்கும். ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம், பழுப்புச் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 350 மில்லி. பத்து நிமிடம் பிசைந்து, மூடி வைத்தேன். எங்கள் அடுக்களை பிப்ரவரியில் 17 டிகிரியைத் தாண்டாது. ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்று எழுதியிருப்பதை இந்தக் குளிரில் நம்ப வேண்டாம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கொழுப்பு: வெண்ணெய் 250, லார்ட் 125, இரண்டும் வெளியில் வைத்து இளகியபின் சேர்த்துக் குழைத்தேன். மாவு 500, அதற்குக் கொழுப்பு 375. முதல் தடவை பார்க்கிறவருக்கு அச்சுப் பிழை போலத்தான் தோன்றும். பிழை இல்லை, அளவே இதுதான்.

இரண்டு கொழுப்புக்கும் வேலை வேறு வேறு. வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அடுப்புச் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவை மேலே தள்ளும். லார்ட் முழுக்க முழுக்கக் கொழுப்பு, ஆவியே கிடையாது. அது மாவுக்குள் புகுந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவைக்கும், அதனால்தான் கடிக்கும்போது நொறுங்குகிறது. வெண்ணெய் மட்டும் போட்டால் உப்பி எழும்பும். லார்ட் மட்டும் போட்டால் உதிரும்.

மாவை நீளமாகத் தேய்த்து, மூன்றில் இரண்டு பங்கில் கொழுப்பைத் தடவி, கடிதம் போல மடித்து, 40 நிமிடம் குளிரில் வைத்து, மறுபடி அதே வேலை. மூன்று சுற்று. கடைசியில் 16 துண்டு போட்டு, உருட்டித் தட்டி, முக்கால் மணி நேரம் விட்டு, 200 டிகிரியில் 18 நிமிடம்.

வந்தது நல்ல பண்டம். மேலே பளபளப்பு, உள்ளே அடுக்கு, வாயில் வெண்ணெய் வாசம். மகள் இரண்டு தின்றாள். ஆனால் நான் கடையில் வாங்குகிறது இது இல்லை. இது உப்பு போட்ட க்ரோசான், பிரெஞ்சுக்காரர்களின் அடுக்கு ரொட்டி. ரௌவியில் ஒரு பாரம் இருக்கும், பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும். இதில் காற்றுதான் நிறைய இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: விளிம்பு உள்ள ட்ரேயில்தான் வைக்க வேண்டும். கொழுப்பு உருகி ஓடுகிறது. தட்டையான ட்ரேயில் வைத்தால் ஓவனுக்குள் சொட்டி, வீடு முழுக்கப் புகைதான்.

பிப்ரவரி 7, புதன்

ஞாயிற்றுக்கிழமை சுட்டதில் நாலைத் தகர டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன். காரணம் அந்த மீனவர் கதை. அபர்டீனில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்: வாரக்கணக்கில் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சாதாரண ரொட்டி காய்ந்துபோகும், அதனால் கெடாத, தெம்பு தருகிற ரொட்டியாக இதைக் கண்டுபிடித்தார்கள் என்று.

கதைக்கு ஏற்ற இடத்தில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். டோரி, டீ ஆற்றுக்குத் தெற்கே பழைய மீனவர் கிராமம். 1891இல் அபர்டீனோடு சேர்ந்தது. அதற்கு ஒன்பது வருடம் முன்னால், 1882இல், டாய்லர் என்ற நீராவிப் படகு இங்கிருந்து இழுவலை போடக் கிளம்பியது. அதன்பிறகு ஊரே மாறிவிட்டது. இழுவைப் படகுகள் பெருகின, வேலைக்கு ஆள் வந்தது, நாங்கள் இருக்கிற கருங்கல் அடுக்குவீடுகள் எழும்பின. அத்தனை பேருக்கும் விடிவதற்கு முன்னால் சாப்பாடு வேண்டும்.

சரி, டப்பாவைத் திறந்தால்: அப்படியே தின்ன முடிகிறது, ஆனால் மேல்பக்கம் மொறுமொறுப்புப் போய்விட்டது. இரண்டு நிமிடம் கிரில்லில் வைத்ததும் முதல் நாள் போலவே ஆகிவிட்டது. சாதாரண ரோல் ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தேன், அது கட்டை. கொழுப்பு மாவுச்சத்தைப் பூசிக்கொள்வதால் ரொட்டி இறுகுவது தாமதமாகிறது. ஆக மூன்று நாலு நாள் கணக்கு சரிதான். இரண்டு வாரமெல்லாம் தாங்காது, இதில் இருக்கிற ஈரத்துக்கு அதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். மீனைக் கரையில் இறக்கிவிட்டுக் குளிரில் வீட்டுக்கு நடக்கிறவனும், மீன் கொட்டகையில் விடியற்காலையில் கத்தி பிடித்து நிற்கிறவளும் தின்ற ரொட்டி என்று சொன்னால் எனக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. ஒன்று 300 கலோரிக்குப் பக்கத்தில் வருகிறது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். நின்றுகொண்டே ஐந்து மணி நேரம் ஓட்டலாம்.

டோஸ்டரில் மட்டும் போடாதீர்கள். கொழுப்பு கம்பியில் சொட்டும். இந்த ஊரில் புகை அலாரம் அடித்தால் மொத்தக் கட்டிடமும் படியில் இறங்கி நிற்கும்.

பிப்ரவரி 10, சனி

கீழ் வீட்டுப் பெரியவர் படியில் அகப்பட்டார். "ஃபிட் லைக்?" என்று வழக்கம்போல் நலம் விசாரித்தார். ஓவன் வாசம் அவர் வீடு வரை போயிருக்கிறது. இளவயதில் ஒரு பேக்கரியில் இரவு வேலை பார்த்தவராம், இத்தனை வருடப் பழக்கத்தில் இதை இன்றைக்குத்தான் சொல்கிறார்.

நான் மூன்று மடிப்பு என்று ஆரம்பித்ததுமே தலையை ஆட்டினார். யாருக்கு நேரம் இருந்தது மடிக்க, என்றார். அவர்கள் செய்தது இவ்வளவுதான்: புளித்த மாவைப் பலகையில் கொட்டி, அதன்மேல் கொழுப்பைக் கட்டிகட்டியாகப் போட்டு, தகட்டால் வெட்டுவது, புரட்டுவது, வெட்டுவது. ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. வெள்ளைத் திட்டு தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். பிறகு பிய்த்துப் போட்டு, உருட்டாமல், விரல் முட்டியால் ஒரு குத்து. குத்திய பள்ளங்களில் கொழுப்பு தேங்கி, அந்த இடம் பொரியும். மேலே மாவு தூவுவது அழகுக்கு இல்லை, கை ஒட்டாமல் இருக்க.

விரல் முட்டியைக் காட்டினார். எழுபது தாண்டிய கை, குத்து இன்னும் பலமாகத்தான் விழுகிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

வெட்டு முறை. மாவு அளவு அதேதான், கொழுப்பும் அதேதான். ஒரே வித்தியாசம், கொழுப்பைக் குழைக்கவில்லை. வெண்ணெயையும் லார்டையும் நெல்லிக்காய் அளவுத் துண்டுகளாக நறுக்கிக்கொண்டேன். இளகியும் இளகாமலும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் வழியக் கூடாது. நம் ஊர் மே மாதத்தில் இது நடக்காது. இங்கே ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

வெட்டிப் புரட்ட ஆரம்பித்ததும் பார்க்கச் சகிக்கவில்லை. மாவு கிழிகிறது, கொழுப்பு பிதுங்குகிறது, பலகை முழுக்க வழுக்கல். பத்துப் பன்னிரண்டு புரட்டலில் ஒரு மாதிரி சேர்ந்து வருகிறது. புரோட்டா போடுகிறவர்கள் இதைப் பார்த்தால் திட்டுவார்கள். அங்கே மாவைக் கண்ணாடி போல வீசி, எண்ணெய் தடவி, சுருட்டி, ஒவ்வொரு இழையையும் காப்பாற்ற வேண்டும். இங்கே எந்த இழையையும் காப்பாற்றுவதில்லை. அடுக்கு எங்கே விழுகிறதோ அங்கே விழட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சில இடத்தில் ஐந்து அடுக்கு, சில இடத்தில் ஒன்றுமில்லை, வெறும் ரொட்டி. அந்த ஏற்ற இறக்கம்தான் கடை ரௌவியில் எனக்குப் பிடித்தது என்று இப்போது புரிகிறது.

அரை மணி நேரம் ஓய்வு. பிறகு 75 கிராம் வீதம் பிய்த்து, மாவு தூவி, முட்டியால் குத்து. மகளுக்கும் நாலு கொடுத்தேன், அவள் குத்தியது பலகையே அதிர்ந்தது. ட்ரேயில் நெருக்கமாக வைத்தேன், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். முக்கால் மணி நேரம் கழித்து 200 டிகிரி, 20 நிமிடம்.

ஓவனுக்குள் எட்டிப் பார்த்தபோது ஒவ்வொன்றைச் சுற்றியும் கொழுப்பு குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் சுடுவதற்குப் பதிலாகப் பொரிந்துகொண்டிருக்கிறது. வெளியே எடுத்ததும் வடிந்த கொழுப்பில் கொஞ்சத்தை ரொட்டியே மறுபடி இழுத்துக்கொள்கிறது, அதனால் ஐந்து நிமிடம் ட்ரேயிலேயே விட்டுவிட்டுப் பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றினேன்.

இதுதான். பாரம் இருக்கிறது, ஓரம் நொறுங்குகிறது, நடு மெத்தென்று இருக்கிறது. படம் எடுத்தால் எடுபடாது. உப்பிய மேல்பக்கத்தைக் கீழே கவிழ்த்து, தட்டையான அடிப்பக்கத்தில் வெண்ணெயும் ஜாமும் தடவித் தின்பது இந்த ஊர் வழக்கம். இவ்வளவு கொழுப்பின் மேல் இன்னும் வெண்ணெயா என்று கேட்கக் கூடாது. ஜாம் இனிப்பும் ரொட்டி உப்பும் சேர்கிற இடத்துக்காகத்தான் அது.

"அம்மா, இது பிஸ்கட்டா, ரொட்டியா?" என்றாள் மகள். பதில் வருவதற்குள் அடுத்ததை எடுத்துவிட்டாள்.

மடிப்பு முறையை நான் குறை சொல்லவில்லை, விருந்துக்கு அது நல்ல பலகாரம். ஆனால் ரௌவி என்ற பெயரில் அதைப் பரிமாறுவது, இட்லியை அச்சில் வார்த்துக் கேக் போல வெட்டிக் கொடுக்கிற வேலை.

பிப்ரவரி 16, வெள்ளி

சைவத் தோழிக்காக லார்டுக்குப் பதில் ட்ரெக்ஸ். அதுவும் கட்டியாக, வெள்ளையாக வருகிற தாவரக் கொழுப்புதான். நொறுங்கல் வருகிறது, லார்டின் அந்த லேசான இறைச்சி வாசம் மட்டும் இல்லை. இருக்கிறதென்று தெரிந்தவருக்குத்தான் இல்லாதது தெரியும். கடைகளிலும் சில இடத்தில் தாவரக் கொழுப்பு, சில இடத்தில் லார்ட் போடுகிறார்கள். சைவம், ஹலால் பார்க்கிறவர்கள் வாங்குமுன் கேட்டுவிடுவது நல்லது.

பிப்ரவரி 17, சனி

ஆறு ரௌவியைக் காகிதப் பையில் போட்டுப் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கவிழ்த்து அடியைப் பார்த்தார், நகத்தால் தட்டினார், பிறகு ஒரு கடி.

உப்பு போதாது என்றார். அடி இன்னும் கறுக்க வேண்டும் என்றார். அதைச் சொல்லிக்கொண்டே இரண்டாவதை எடுத்தார்.

உப்பு விஷயத்தில் அவர் சொல்வது கணக்குக்கும் ஒத்து வருகிறது. மாவுக்கு 10 கிராம் என்பது 2 சதவீதம், எந்த ரொட்டிக்கும் போதுமானது. ஆனால் இங்கே தண்ணீரும் கொழுப்பும் சேர்ந்து மொத்த எடை 1200 கிராமைத் தாண்டுகிறது. உப்பு 1 சதவீதம்கூடத் தேறவில்லை. அதோடு, கொழுப்பு நாக்கில் பூசிக்கொண்டால் உப்பு மட்டுப்படும். 14 கிராம் போட வேண்டும். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் அதிலேயே நாலு கிராம் வந்துவிடும், மாவில் 10 போதும்.

அபர்டீனில் உலக பட்டரி சாம்பியன்ஷிப் என்று ஒரு போட்டியே நடந்திருக்கிறது, அதற்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். ரொட்டிக்கு எதற்குப் போட்டி என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார், பையோடு.

கணவர் செவ்வாய்க்கிழமை கரைக்கு வருகிறார். எட்டை ஃப்ரீசரில் போட்டிருக்கிறேன். பனி விடாமலே 180 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம் வைத்தால் போதும். அடுத்த தடவை அடி கறுக்க ட்ரே கீழ்த் தட்டில், முதல் பத்து நிமிடம் 220.