கணிப்பு நோட்டு

ஜூலை 3

மலையிலும் கடலிலுமான பயிற்சிப் பயணத்தின் முதல் நாள், மூட்டை பிரிக்கும் நாள். கொண்டுவந்த எல்லாவற்றையும் தார்ப்பாயில் பரப்பச் சொன்னார்கள். பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை எல்லாம் ஓரமாகப் போயின. பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். கம்பளியும் செயற்கை இழையும் மட்டும் வரலாம். காலுறையில் ஒரு ஜோடி தூங்குவதற்கென்றே தனி. என்ன ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது.

கடைசியில் ஆளுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் தந்தார்கள். பேனா குளிரில் எழுதாது, மை மழையில் கரையும். தினமும் காலையில் கிளம்புமுன், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒவ்வொருவரும் தனியாகக் கணித்து எழுத வேண்டும். யாருக்கும் காட்டக் கூடாது. சேர்ந்த பிறகு பக்கத்திலேயே ஆன நேரத்தை எழுத வேண்டும். மலையிலும் சரி, கடலிலும் சரி, முழுப் பயணத்துக்கும் எங்கள் வழிகாட்டி போட்ட ஒரே கட்டாயம் இதுதான்.

ஜூலை 4

தூரம் 9 கிலோமீட்டர், ஏற்றம் 540 மீட்டர். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக இன்னொரு மணி நேரம். அதன்படி 2 மணி 42 நிமிடம் வருகிறது.

எழுதியது: 2.45. ஆனது: 5.10.

இரவு கூடாரத்தில் அந்த இரண்டரை மணி நேரம் எங்கே போனது என்று தேடினேன். செருப்புக்கடி பட்ட ஒருவருக்காக நின்றது, தண்ணீர் வடிகட்ட நின்றது, மூன்று தடவை பாதையைத் தவறவிட்டது. எல்லாவற்றையும்விட, முதுகில் 20 கிலோ. நெய்ஸ்மித் கணக்கு தெம்பான ஒரு ஆள் நிற்காமல் நடப்பதற்கானது. நாங்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரில் யார் மெதுவோ அவர் வேகம்தான் குழுவின் வேகம்.

ஜூலை 6

இன்று முழுக்க வரைபடம்.

சமவுயரக் கோடுகளைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், ஆனால் அதை மலையாகப் பார்த்ததில்லை. வழிகாட்டி தன் இடது கையை முஷ்டியாக மடக்கி, விரல் முட்டியைச் சுற்றிப் பேனாவால் வளையம் வளையமாக வரைந்தார். உச்சியில் சின்ன வளையம், கீழே போகப் போகப் பெரியது. இரண்டு முட்டிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் கோடுகள் சேர்ந்து வளைந்து போயின, அதுதான் கணவாய். பிறகு கையை மெல்ல விரித்தார். மலை தட்டையாகி, வரைபடம் ஆகிவிட்டது. மடக்கினார், மறுபடி மலை. இதை ஐந்தாறு தடவை செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன்பின் எதிரே இருந்த சரிவையும் தாளையும் மாறி மாறிப் பார்க்கும் வேலை. எங்கள் வரைபடத்தில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு என்பது சுலபம். கோடு கூராக மடங்கும் இடம்தான் குழப்பம். கூர் மேட்டுப் பக்கம் பார்த்தால் அங்கே ஓடை, பள்ளத்துப் பக்கம் பார்த்தால் கிளைமுகடு. மதியத்துக்கு மேல்தான் கண் பழகியது. ஒரு திருப்பம் தாண்டுமுன் “அந்தப் பக்கம் ஓடை இருக்கும்” என்று சொன்னேன். இருந்தது. சத்தம் முதலில் கேட்டது, அப்புறம் தண்ணீர் தெரிந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இவ்வளவு தூரம் வரலாம் என்று தோன்றியது.

ஜூலை 8

எழுதியது: 6.00. ஆனது: அடுத்த நாள்.

மதியம் 3 மணிக்கு ஓடைக்கரைக்கு வந்தோம். வரைபடத்தில் மெல்லிய நீலக்கோடு. நேரில் பழுப்பு நிறத்தில் முழங்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது, அடியில் கற்கள் உருளும் சத்தம் ‘கடக் கடக்’ என்று கேட்டது. கல் உருளும் சத்தம் கேட்டால் இறங்கக் கூடாது என்றார் வழிகாட்டி. கல்லையே தள்ளும் தண்ணீர் காலை விட்டுவைக்காது.

மேலே பனி இருக்கும் மலைகளில் ஓடைக்கு ஒரு அன்றாட ஒழுங்கு உண்டு. பகல் வெயிலில் பனி உருகி, பிற்பகலிலும் மாலையிலும் தண்ணீர் ஏறும். இரவுக் குளிரில் உருகுவது நின்று, விடியற்காலையில் வடியும். தண்ணீர் விளிம்பில் ஒரு தட்டைக் கல்லை வைத்துவிட்டு, கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கூடாரம் போட்டோம். மாலை 6 மணிக்குக் கல் மூழ்கியிருந்தது.

ஜூலை 9

காலை 5 மணி. நேற்று வைத்த கல் காய்ந்து கிடந்தது, தண்ணீர் அதிலிருந்து இரண்டு முழம் உள்ளே போய்விட்டது. நிறமும் தெளிந்திருந்தது.

முதுகுப்பையின் இடுப்புவாரை அவிழ்த்துவிட்டோம். விழுந்தால் பை நம்மை அமுக்காமல் கழற்றி எறிய அதுதான் வழி. செருப்பைக் கழற்றவில்லை. மூன்று மூன்று பேராகத் தோளைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் காலை எடுத்து வைத்தோம். 12 நிமிடத்தில் எல்லோரும் அக்கரை. நேற்று நான் “பரவாயில்லை, இறங்கலாம்” என்று சொன்ன இடம் இது.

ஜூலை 10

பனிச்சரிவில் விழப் பழகினோம். வழுக்கியதும் பனிக்கோடாரியை மார்போடு அணைத்துப் புரண்டு, கூர்முனையை உடம்பெடையோடு பனியில் அழுத்த வேண்டும். குப்புற விழுந்து, மல்லாந்து விழுந்து, தலைகீழாக விழுந்து, நாற்பது தடவையாவது இருக்கும். சரிவின் அடி சமமாக விரியும் இடமாகப் பார்த்துத்தான் பழகவிட்டார்கள். கீழே பாறையோ பள்ளமோ இருக்கும் இடத்தில் பயிற்சியே கிடையாது.

ஜூலை 12

நேற்று இரவே திரும்பும் நேரத்தை முடிவு செய்திருந்தோம். 11 மணிக்குக் கணவாய் மேல் இல்லாவிட்டால், எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பல். 11 என்று சொன்னது நான்தான். வெயில் ஏற ஏறப் பனி இளகும், மதியத்துக்கு மேல் இடி வரலாம், இரண்டையும் கணக்கில் வைத்துச் சொன்னேன்.

11 மணிக்குக் கணவாய்க்கு 120 மீட்டர் கீழே நின்றோம். வரைபடத்தில் வெறும் ஆறு கோடு. மேற்கே மேகம் திரண்டிருந்தது, ஆனால் தலைக்கு மேல் நீலம். கணவாயின் விளிம்பு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது.

“ஆறு கோடுதானே, அரை மணி நேரம் போதும்” என்றேன்.

“11 என்று சொன்னது யார்?” என்றார் வழிகாட்டி.

“நான்தான். ஆனால் இவ்வளவு பக்கத்தில் வந்த பிறகு...”

“நேற்று ராத்திரி உங்களுக்குக் களைப்பும் இல்லை, கணவாய் கண்ணுக்குத் தெரியவும் இல்லை. அப்போது சொன்னதையே கேட்போம்.”

திரும்பினோம். இறங்கும்போது நான் யாரிடமும் பேசவில்லை. 12.40-க்கு முதல் மின்னல். எண்ணினேன்: ஒன்பது நொடி கழித்து இடி. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர், அப்படியானால் மூன்று கிலோமீட்டர் தூரத்தில். அதற்குள் முகட்டை விட்டு வெகுவாகக் கீழே வந்துவிட்டோம். தனித்தனியாகத் தள்ளி நின்று, படுக்கும் பாயை மடித்துப் போட்டு அதன்மேல் கால் சேர்த்துக் குந்தியிருந்தோம். ஆலங்கட்டியும் மழையும் அரை மணி நேரம்.

முகாமுக்கு வந்தபின்தான் என் கூடாரத் தோழியைக் கவனித்தேன். மழைச்சட்டையின் ஜிப்பைப் பிடிக்க விரல் வரவில்லை. மூன்று தடவை நழுவியது. “என்ன ஆச்சு” என்றேன். எரிச்சலாக ஏதோ முணுமுணுத்தாள், வார்த்தை குழறியது. கை நழுவல், நடை தடுமாற்றம், பேச்சுக் குழறல், காரணமில்லாத எரிச்சல்: உடம்புச் சூடு இறங்குவதன் அடையாளங்கள் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஈர உடையை முழுக்க மாற்றி, தூங்க மட்டும் வைத்திருந்த அந்தக் காலுறையைப் போட்டுவிட்டு, ஸ்லீப்பிங் பேக்கில் நுழைத்து, வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்தோம். சர்க்கரை கரைத்த வெந்நீரை வாய் வாயாகக் குடித்தாள். உடம்பு கடகடவென்று நடுங்கியது. நடுங்கும்வரை நல்லது, சூடேறாமலே நடுக்கம் நின்றால்தான் ஆபத்து. முக்கால் மணி நேரத்தில் ஒழுங்காகப் பேசினாள்.

ஆறு கோடு ஏறியிருந்தால் அவளுக்கு இது கணவாய்க்கு மேலே நடந்திருக்கும்.

ஜூலை 13

பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றுப்பாதை. எழுதியது: 4.30. ஆனது: 4.40.

ஜூலை 15

ஓய்வு நாள். மலைச் செருப்பைக் கொடுத்துவிட்டுக் கயாக் என்ற துடுப்புப் படகு வாங்கிக்கொண்டோம். மாலையில் வழிகாட்டி, அண்டார்க்டிகா போய்க் கப்பலை இழந்த ஷாக்கிள்டன் கதையைச் சொன்னார். எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான், ஆனால் இந்த முறை அதில் வேறு ஒரு ஆள் கண்ணில் பட்டார்.

1916 ஏப்ரல் 24. எலிஃபண்ட் தீவிலிருந்து ஜேம்ஸ் கெயர்ட் என்ற, ஏழு மீட்டர்கூட இல்லாத படகில் ஆறு பேர் கிளம்புகிறார்கள். தெற்கு ஜார்ஜியா தீவு ஏறத்தாழ 800 கடல் மைல் தூரம். வழி கண்டுபிடிக்கும் பொறுப்பு ஃபிராங்க் வோர்ஸ்லியுடையது. செக்ஸ்டன்ட் வைத்துச் சூரியனை அளக்க வேண்டும், ஆனால் அத்தனை நாளிலும் சூரியன் கண்ணில் பட்டது விரல்விட்டு எண்ணும் தடவைகள்தான். மற்ற நேரமெல்லாம் கணிப்பு: இவ்வளவு வேகம், இந்தத் திசை, இவ்வளவு நேரம், ஆகவே இங்கே இருப்போம். கொஞ்சம் பிசகினாலும் தீவைத் தவறவிட்டு, திரும்ப வழியில்லாத கடலுக்குள் போயிருப்பார்கள். மே 10-இல் கரையேறினார்கள். அப்புறம் ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, கிரீன் மூவரும் வரைபடமே இல்லாத மலைகளை 36 மணி நேரத்தில் கடந்து திமிங்கில வேட்டை நிலையத்தை அடைந்தார்கள். எலிஃபண்ட் தீவில் விட்டுவந்த 22 பேரும் ஆகஸ்ட் 30-இல் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

என் பென்சில் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். வோர்ஸ்லி கையிலும் ஒரு நோட்டு இருந்திருக்கும், நனைந்து ஒட்டிக்கொண்ட நோட்டு.

ஜூலை 17

கவிழப் பழகினோம். கயாக்கோடு தலைகீழாகத் தொங்கியபடி, அடிப்பக்கத்தை மூன்று தடவை தட்டி, முன்னாலுள்ள பட்டியை இழுத்து இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் ஸ்பிரே ஸ்கர்ட்டைக் கழற்றி வெளியே வர வேண்டும். பட்டி வெளியே தெரியும்படி இருக்கிறதா என்று கிளம்புமுன் தொட்டுப் பார்ப்பது கட்டாயம்.

குளிர்ந்த கடல்நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது. அந்த ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் மூச்சை மட்டும் அடக்க வேண்டும். அதன்பின் கை கால் ஒழுங்காக வேலை செய்யும் நேரம் ஏறத்தாழ பத்து நிமிடம். அதற்குள் படகில் ஏறிவிட வேண்டும். தோழியின் கயாக் குறுக்கே வந்து நின்றது, என் கயாக்கின் மூக்கைத் தன் படகின் மேல் இழுத்துக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள், நிமிர்த்தினாள், அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் பின்பக்கமாக ஊர்ந்து ஏறினேன். முதல் தடவை 4 நிமிடம். ஏழாவது தடவை ஒன்றரை.

ஜூலை 19

கடலில் கணிப்பு வேறு மாதிரி. மலை நகராது. இங்கே தரையே நகர்கிறது.

ஓதத்தில் கடல்மட்டம் ஏற சுமார் ஆறு மணி நேரம், வற்ற சுமார் ஆறு மணி நேரம். சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, அப்புறம் இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. இன்றைய ஏற்றம் 3 மீட்டர், ஆக முதல் மணி நேரத்தில் 25 சென்டிமீட்டர்தான், மூன்றாம், நான்காம் மணியில் 75, 75. நடு மணிகளில்தான் நீரோட்டமும் வேகம். நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.

கரையில் குச்சி நட்டு மணிக்கொரு தடவை அடையாளம் போட்டேன். அப்படியே அச்சாக வரவில்லை, ஆனால் அதன் சாயலில் வந்தது.

ஜூலை 22

அமாவாசை. ஓதம் பெரியது. இன்று நான் தலைவர்.

2.4 கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணையைக் கடக்க வேண்டும். வழிகாட்டி பின்னால் வருவார், கேட்டால் மட்டும் பேசுவார். காலை 9.30-க்கு எல்லோரும் தயார். மேலைக்காற்று வீசியது, பலமாக அல்ல. ஆனால் நீரோட்டம் மேற்கு நோக்கி, காற்றுக்கு எதிர்முகமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் மோதும் இடத்தில் அலை குட்டையாக, செங்குத்தாக எழுந்து நுரைத்தது. அதே காற்று ஓட்டத்தோடு சேர்ந்து போனால் இந்தக் கடல் படுத்துக் கிடக்கும். அட்டவணைப்படி 2 மணியை ஒட்டி ஓட்டம் நின்று திரும்பும்.

“1.45-க்குக் கிளம்பலாம்” என்றேன்.

“நாலு மணி நேரமா? எதிர்க்கரை இதோ தெரிகிறதே” என்றார் ஒருவர். அவர் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். அவரைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறி, நுரைக்கும் இடத்தைக் காட்டினேன். பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. காத்திருந்தோம்.

1.30-க்கு நுரை இல்லை. கிளம்பினோம். எதிர்க்கரையில் ஒரு வெள்ளைப் பாறை, அதன் நேர் பின்னால் ஒற்றை மரம். இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்வரை நாங்கள் விலகவில்லை. நடுவில் மரம் மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. அப்படியானால் ஓட்டம் எங்களையும் வலப்பக்கம் இழுக்கிறது. மூக்கை இடப்பக்கம் திருப்பினேன், மரம் திரும்பப் பாறைக்குப் பின்னால் வந்தது. ஒருமுறை மட்டும் திரும்பிப் பார்த்தேன். வழிகாட்டி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார், எதுவும் சொல்லவில்லை.

எழுதியது: 40 நிமிடம். ஆனது: 44.

ஜூலை 23, அதிகாலை

மதியம் ஏறிய தண்ணீர் விட்டுச்சென்ற கோட்டுக்கு மேல் ஒரு முழம் தள்ளிக் குச்சி நட்டு, அதற்கும் மேலே கயாக்குகளை வைத்துக் கட்டியிருந்தேன். அடுத்த உச்சம் 2.35 என்று கணக்கு. 2.20-க்கு எழுந்து போனேன். காற்று கரையைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு. தலைவிளக்கு வெளிச்சத்தில் குச்சியைத் தேடினேன். தண்ணீர் அதைத் தாண்டி ஒரு சாண் வந்துவிட்டது, முதல் கயாக்கின் வாலை நக்கிக்கொண்டிருந்தது.

தோழியை எழுப்பினேன். இரண்டு பேருமாக ஒவ்வொன்றாகப் புல் தொடங்கும் இடம்வரை தூக்கி வைத்து மறுபடி கட்டினோம். 2.50-க்குத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. நோட்டில் நேரத்தையும் அந்த ஒரு சாணையும் எழுதிவிட்டுப் படுத்தேன்.