இடைவெளிக் கணக்கு

மார்ச் 3
கடைசி சிகரெட் நேற்றிரவு பத்தரைக்கு. ரத்தத்திலுள்ள நிகோட்டின் 2 மணி நேரத்துக்கொரு முறை பாதியாகும். விடியும்போது மிச்சம் சொற்பம். எழுந்த அரைமணிக்குள் பற்றவைத்துப் பழகியவர்களுக்கு 4 மி.கி. நிகோட்டின் சூயிங்கம், மற்றவர்களுக்கு 2 மி.கி. கையிலிருப்பது 4.

மார்ச் 4
மிட்டாய் மாதிரி மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான். மெதுவாக மெல்ல வேண்டும். சுறுசுறுவென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். அது அடங்கியதும் மறுபடி மெல்லல், இடம் மாற்றி ஒதுக்கல். மொத்தம் அரைமணி. நிகோட்டின் வாய்த்தோல் வழியாக ஏற வேண்டும். விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். காபி குடித்து 15 நிமிடம் ஆகாமல் மென்றால் வீண். வாயில் புளிப்பு இருக்கும்வரை நிகோட்டின் சரியாக ஏறாது.

மார்ச் 5
மூன்றாம் நாள். மோசம்.

மார்ச் 5, இரவு
கடிகாரம் வைத்துப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு ஏக்க அலையும் 3 முதல் 5 நிமிடம். இடைவெளி 40 நிமிடம்.

மார்ச் 9
கை நடுக்கம், படபடப்பு, நள்ளிரவு தாண்டியும் விழிப்பு. இதையெல்லாம் சிகரெட் ஏக்கத்தின் கணக்கில் எழுதியது தப்பு. காபிதான் காரணம். கல்லீரலில் காஃபினைச் சிதைக்கும் நொதியைப் புகையிலுள்ள தார் தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கும். புகை நின்றால் ஒரு வாரத்துக்குள் நொதி இறங்கிவிடும். அதே மூன்று கோப்பை, ரத்தத்தில் ஏறக்குறைய இருமடங்கு காஃபின்! சூயிங்கத்தைக் கூட்டினால் இது அடங்காது. காபியைப் பாதியாக்க வேண்டும். விடுகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது. தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து), க்ளோசாபின் (மனநோய் மருந்து) சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் முக்கியம்: அவையும் இதே நொதியால்தான் சிதைகின்றன, அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும்.

மார்ச் 10
ஒன்றரைக் கோப்பை. நடுக்கம் இல்லை.

மார்ச் 17
இடைவெளி 3 மணி நேரம்.

மார்ச் 31
எரிச்சலும் கவனச் சிதறலும் போயிற்று, பசி மட்டும் போகவில்லை. ஏக்கத்தின் குணமே மாறிவிட்டது. முதல் வாரத்தில் ரத்தத்தில் அளவு இறங்க இறங்க, மணி அடித்தாற்போல் வந்தது. இப்போது சாப்பிட்டுக் கைகழுவும்போது, போனைக் கீழே வைக்கும்போது, படியிறங்கும்போது வருகிறது. எண்ணிக்கை குறைவு, வேகம் மட்டும் பழையபடி. இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோகிறார்கள்: ஒரு மாதமாகியும் இவ்வளவு கடுமையா, அப்படியானால் இது தீராது என்று பற்றவைத்துவிடுகிறார்கள். இடைவெளியைக் குறித்து வைத்திருந்தால் 40 நிமிடம் ஒரு நாளாக நீண்டது கண்ணுக்குத் தெரியும்.

ஏப்ரல் 14
ஆறு வாரம். இதுவரை 1–2 மணி நேரத்துக்கு ஒரு சூயிங்கம். இனி மூன்று வாரம் 2–4 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் 4–8 மணி நேரத்துக்கு ஒன்று. நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

ஏப்ரல் 15
கனவில் சிகரெட். விழித்த பிறகும் தொண்டையில் புகை. கணக்கில் சேர்க்கவில்லை.

மே 26
12 வாரம். சூயிங்கம் முடிந்தது. மூளையில் பெருகிக் கிடந்த நிகோட்டின் ஏற்பிகள் (நிகோட்டின் போய் ஒட்டும் இடங்கள்) இதற்குள் பழைய அளவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனாலும் மாலையில் ஓர் ஏக்கம். 4 நிமிடம்.

ஜூன் 6
இடைவெளி 11 நாள். காபி முடித்த கையோடு. 3 நிமிடம்.