பாதியில் நிற்கும் பெயில்: ஸ்பின்னிங் ரீலில் ஸ்ப்ரிங் மாற்றியது

இது மீன்பிடிக்கும் ரீல், 3000 அளவு. பெயில் என்பது நரம்பைப் பிடித்து ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) சுற்றவைக்கும், திறந்து மூடும் வளைகம்பி. கைப்பிடியைச் சுற்றினால் பெயில் முழுதாக மூடாமல் பாதியில் நின்றுவிடும், விரலால் தட்டிவிட வேண்டும். அதைவிட மோசமான தொல்லை, வீசும்போது பெயில் தானாகவே மூடிக்கொள்வது. நரம்பு வெடுக்கென்று இழுபட்டு, ஈயமும் முள்ளும் அறுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டுக்கும் காரணம் ஒரே ஸ்ப்ரிங்தான். பெயிலை மூடுவதும் அது, திறந்த பெயிலைத் திறந்தபடியே பிடித்து வைப்பதும் அது. பாதி வழியில்தான் அது அதிகம் நசுங்கும். அந்த மேட்டைத் தாண்டியதும் அடுத்த பக்கமாக உதைக்கும். மேட்டுக்கு அருகில் தள்ளும் விசை எப்போதுமே குறைவு. ஸ்ப்ரிங் தளர்ந்தால் அந்த இடத்தில் உராய்வு ஜெயித்துவிடும்.

கழற்றுவது சுலபம். முன்குமிழை இடப்பக்கம் திருகி ஸ்பூலை எடுக்க வேண்டும். ஷாஃப்ட்டில் இருக்கும் வாஷர்களை எண்ணி, அதே வரிசையில் வைக்கவும். ஒன்று குறைந்தாலும் ஸ்பூலில் நரம்பு ஒரு பக்கமாகக் குவியும். ரோட்டரைத் (ஸ்பூலைச் சுற்றிச் சுழலும் பகுதி) தொடத் தேவையில்லை. பெயில் ஆர்மின் (பெயில் கம்பியைத் தாங்கும் கை) திருகை மட்டும் கழற்றினால் போதும். ஜப்பானிய ரீல்களில் அது ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரநிலை) தலை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வழுக்கித் தலையை மழித்துவிடும். பெயில் பாதியில் நிற்கும்போது கழற்றவே கூடாது, ஸ்ப்ரிங் பறந்துவிடும். பெயிலை முழுதாக மூடிவிட்டு, ரீலை ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்றினால் பறந்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். ஆர்மைத் தூக்குவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் பிறகு குழப்பமில்லை.

வெளியே வந்த பழைய ஸ்ப்ரிங்கில் ஒரு பக்கச் சுருள்கள் மட்டும் தேய்ந்து பளபளத்தன, நடுவில் துரு. நீளம் 17.5 மி.மீ., புதியது 20 மி.மீ. கம்பி இரண்டிலும் 0.6 மி.மீ. வெளி விட்டமும் சுருள் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். 'கொஞ்சம் பலமானதாகப் போடலாமே' என்று 0.7 மி.மீ. கம்பியைத் தேர்ந்தெடுப்பது தவறு. கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு கூடுவதால் அது கிட்டத்தட்ட இரு மடங்கு முரடாகிவிடும். பெயில் ஓங்கி அடித்து ஆர்மும் ரோட்டரும் விரிசல் விடும். பழைய ஸ்ப்ரிங்கை இழுத்து நீட்டினால் சில நாளில் திரும்பவும் குறுகிவிடும். பேனா ஸ்ப்ரிங் ஒரு நாள் அவசரத்துக்கு மட்டும்.

(சில ரீல்களில் இரண்டு கால் நீட்டிய முறுக்கு ஸ்ப்ரிங் இருக்கும். அதில் சுற்றின் திசை முக்கியம்: விசை சுருளை இறுக்க வேண்டும், பிரிக்கக் கூடாது. அது பெரும்பாலும் கால் வளையும் இடத்தில்தான் முறியும்.)

புதியதைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஸ்ப்ரிங் இல்லாமல் ஆர்மைப் பொருத்திப் பெயிலை ஆட்டினால், அது தன் எடையிலேயே விழ வேண்டும். இந்த ரீலில் விழவில்லை. உப்பும் காய்ந்த கிரீஸும் படிந்த மூட்டுகளை மண்ணெண்ணெயில் துடைத்த பிறகும் இறுக்கம் போகவில்லை. பெயில் கம்பியை ஒரு பக்கம் விடுவித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: கம்பி முனை அதன் துளையிலிருந்து 2 மி.மீ. விலகி நின்றது. எப்போதோ விழுந்து வளைந்திருக்கிறது. கையாலேயே மெல்ல வளைத்து, அழுத்தாமல் துளையில் உட்காரும்படி செய்ததும் பெயில் தொப்பென்று விழுந்தது. இதைக் கவனிக்காமல் புது ஸ்ப்ரிங் போட்டிருந்தால் பெயில் மறுபடியும் இறுகி நின்றிருக்கலாம்.

பிறகு ஸ்ப்ரிங்கை வழிகாட்டிக் கம்பியில் கோத்து, அதன் நுனியை ஆர்மின் குழியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தியபடி திருகை இறுக்க வேண்டும். கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். தாராளமாகத் தடவினால் மணல் ஒட்டும். திருகு கழலாமல் இருக்கப் போடும் பசை பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகை பிளாஸ்டிக் விரிசல் விடும், அதனால் இங்கே போடவில்லை.

மெதுவாகவும் வேகமாகவும் 30 முறை, ரீலைத் தலைகீழாகப் பிடித்தும் சுற்றிப் பார்த்ததில் ஒரு முறைகூட நிற்கவில்லை. திறந்து வைத்து வீசுவதுபோல உதறினாலும் மூடவில்லை. மூடும் சத்தம் மட்டும் முன்பைவிடப் பலமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் தடுப்பு தேய்ந்து தட்டையாகிவிட்டது, அடுத்து அதை மாற்ற வேண்டும்.