சனெட்டி மேடு, மூன்றாவது தடவை: குற்றம் லென்ஸ் மேல் இல்லை

கடைசியில் கண், மீசை, மூக்கு நுனி எல்லாம் கூர்மையாக ஒரு எத்தியோப்பிய ஓநாய் கிடைத்துவிட்டது. மூன்று பயணத்தில் ஏறக்குறைய 4,000 படம். அதில் பெரிதாக அச்சுப் போடத் தேறுவது பதினொன்று. பதினொன்றும் ஒரே காலையில் 6.50-லிருந்து 7.40-க்குள் எடுத்தவை.

இடம் எத்தியோப்பியாவின் பாலே மலைத்தொடர். பாடம் நடத்த ரோபே ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கோபாவைத் தாண்டி ஏறினால் சனெட்டி மேடு. எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்து, பிறகு பனியாறுகள் வந்து செதுக்கிய நிலம். 4,000 மீட்டர் உயரத்தில் மரமே கிடையாது. கரும்பாறை, சாம்பல் புதர், நடுநடுவே ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் லொபெலியாச் செடி. அகலக் கோணத்தில் எதைப் பிடித்தாலும் படம் நன்றாகத்தான் வரும், அதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. என் உயிரை வாங்கியது தூரத்தைப் பிடிக்கும் 600 மில்லிமீட்டர் லென்ஸ்தான்.

முதல் பயணத்தில் ஓநாய் சாலையிலிருந்து நூறு மீட்டருக்குள் நின்றது. உலகத்திலேயே மொத்தம் ஐந்நூறுக்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் விலங்கு, பாதிக்கு மேல் இந்த மலையில்தான் இருக்கிறது. கை நடுங்க எண்பது படம் எடுத்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் எண்பதும் தண்ணீருக்கடியில் எடுத்த மாதிரி. ஷட்டர் 1/2000 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 800, எதிலும் தப்பில்லை. லென்ஸைச் சந்தேகப்பட்டேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்து, "கரெக்ட் பண்ணியாச்சு சார்" என்று ஒரு பில்லோடு திருப்பித் தந்தார்கள். இரண்டாவது பயணத்திலும் அதே சொதசொதப்பு.

அப்போதுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். அசையாத கல் ஒன்றைப் பார்த்து, ஃபோகஸைப் பூட்டிவிட்டு, இருபது படம் தொடர்ச்சியாக அடித்தேன். லென்ஸிலோ ஃபோகஸிலோ கோளாறு என்றால் இருபதும் ஒரே மாதிரி மங்கலாக இருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு: மூன்றாவது சுமார், ஏழாவது கூர்மை, எட்டாவதில் கல்லின் விளிம்பே வளைந்திருக்கிறது. கேமராத் திரையில் லைவ் வியூவைப் பெரிதாக்கிப் பார்த்தால் கல் நீந்துகிறது. காற்றுதான் குற்றவாளி. நம் ஊர்த் தார்ச்சாலையில் மத்தியானம் தெரியும் கானல், இங்கே உறைபனி படிந்த காலையில்.

வெயில் ஏறிய பிறகு கரும்பாறை சூடாகிக் கானல் எழும்புவது சரி, புரிகிறது. காலை ஏழு மணிக்கு, புல்லில் பனி வெள்ளையாக இருக்கும்போது ஏன்? அந்தச் சூட்டை நானேதான் சுமந்துகொண்டு போயிருக்கிறேன். ஹீட்டர் போட்ட வண்டி, கண்ணாடியை இறக்கி லென்ஸை நீட்டுகிறேன். உள்ளே இருக்கும் சூடான காற்று ஜன்னல் வழியாக, சரியாக லென்ஸ் முகத்துக்கு எதிரே, வெளிக்குளிரோடு கலக்கிறது. போதாக்குறைக்கு மடியில் வைத்திருந்ததால் லென்ஸும் சூடு. அந்தச் சூடு, பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க லென்ஸ் முனையில் மாட்டும் நீளமான ஹூடுக்குள் ஒரு குழாயில் அடைத்த மாதிரி தங்கிக் கலங்குகிறது.

ஆகவே மூன்றாவது முறை லென்ஸை முந்தின இரவே, பூட்டிய வண்டி டிக்கியில் வைத்துவிட்டேன். மேட்டை எட்டியதும் ஹீட்டர் நிறுத்தம். நான்கு கண்ணாடியையும் இறக்கியாயிற்று. இருபது நிமிடம் அப்படியே ஓட்டி, வண்டி உள்ளும் வெளியும் ஒரே குளிராக ஆன பிறகுதான் கேமராவை எடுத்தேன். எஞ்சின் அணைப்பு. ஹூடைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டேன். பத்து வருடமாக "ஹூட் இல்லாமல் எடுக்காதே" என்று எல்லோருக்கும் உபதேசம் செய்தவன் நான். டிரைவர் சால்வைக்குள்ளிருந்து, "மெம்ஹிர், ஹீட்டர்?" என்று ஐந்து தடவை கேட்டார். மெம்ஹிர் என்றால் வாத்தியார். வாத்தியார் இரக்கம் காட்டவில்லை.

இறங்கி நடக்கலாமே என்று கேட்பீர்கள். நடக்கும் ஆளைக் கண்டால் விலகிப்போகிற ஓநாய், சாலையில் நிற்கும் வண்டியைக் கண்டுகொள்வதில்லை.

அதே கல்லில் அதே இருபது படம்: பதினாறு கூர்மை! வண்டிக்குள் கத்திவிட்டேன்.

அந்தக் காலை ஓநாய் முப்பது மீட்டரில் வந்தது. செங்காவி நிறம், கழுத்தில் வெள்ளை. எதிரே ராட்சத வளை எலி ஒன்று பாதி உடம்பை வெளியே நீட்டி, புல்லைப் பிடுங்கி வாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் பாலேயில் மட்டும் இருக்கும் பிராணி, ஒரு கிலோ வரைகூட வளரும், கண் இரண்டும் உச்சந்தலையில். ஓநாய் வயிறு தரையில் படப் பதுங்கி, ஒரு காலைத் தூக்கி அப்படியே நிறுத்தி, அடுத்த அடிக்கு யோசித்தது. பாய்ந்தது. எலி தப்பிவிட்டது. வளையை வெறியோடு தோண்டிவிட்டு நிமிர்ந்தபோது மூக்கில் ஈரமண், மீசையில் பனித்துளி. பதினொன்றில் முதல் படம் அதுதான். 8.30-க்கு வெயில் பாறையில் ஏறியதும் நூறு மீட்டர் தூரப் படங்கள் மறுபடி நீந்த ஆரம்பித்தன. அந்தக் கானலுக்கு ஹூடும் தெரியாது, ஹீட்டரும் தெரியாது. பக்கத்தில் வந்தால் எடு, இல்லாவிட்டால் கேமராவை மூடு, அவ்வளவுதான்.

வண்டி ஜன்னலில் லென்ஸைத் தாங்க வைக்கும் பீன் பேக் பையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, ஒரு பக்கம் ஜிப் வைத்து ரோபேயில் தையல்காரரிடம் தைத்தது. கடையில் விற்பதைவிட நன்றாகவே உட்காருகிறது. நிரப்புவதற்குச் சந்தையில் டெஃப் வாங்கியது என் முட்டாள்தனம். கேழ்வரகைவிடப் பொடியான தானியம். ஜிப் பல் இடுக்கெல்லாம் புகுந்து, வண்டி சீட்டெல்லாம் கொட்டி, டிரைவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. விலையும் கொண்டைக்கடலையைவிடக் கூட. இப்போது கொண்டைக்கடலைதான், முக்கால் பை நிரப்பினால் லென்ஸ் நன்றாக அமுங்கி உட்காருகிறது, முழுதாக நிரப்பினால் உருளுகிறது.

இன்னொன்று, இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு. உள்ளூர்க் கடிகாரம் ஆறு மணி நேரம் தள்ளி ஓடும், பொழுது விடிவதிலிருந்து எண்ணுவார்கள். "பதினொன்றுக்கு வா" என்று சொன்னால்தான் விடிகாலை ஐந்துக்கு வண்டி வரும். முதல் பயணத்தில் நான் "ஐந்து" என்று சொல்லிவிட்டு, காலை பதினொன்று வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றையும் இன்னும் கணினியில் திருத்தி முடிக்கவில்லை, அதற்குள் மனசு அடுத்ததுக்குப் போய்விட்டது. இந்த ஓநாய்கள் நிஃபோஃபியா பூவில் தேன் நக்குவதை ஆராய்ச்சியாளர்கள் 2024-இல் எழுதினார்கள்; முகமெல்லாம் மகரந்தம் அப்பிக்கொள்கிறதாம். பூப்பது ஜூனிலிருந்து நவம்பர் வரை, அதாவது பாதி நாள் மழை, மூடுபனி. கானல் தொல்லை இருக்காது, வெளிச்சமும் இருக்காது. ஐஎஸ்ஓவை எவ்வளவு ஏற்றலாம் என்று இப்போதே மாலை வேளையில் முற்றத்துக் கோழிகளை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பையிலிருந்த கடலையை மாற்றிப் புதிதாகப் போட்டேன். பழையதை டிரைவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹீட்டருக்கு ஈடு என்றார்.